லட்சத்தில் ஒரு செடி

தெள்ளார், வந்தவாசிப் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளில் களை முளைத்து இரண்டு மூன்று இலை விட்டதும் இமாசிதாபிர் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பதுண்டு. மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பத்து நாள் கழித்துப் பாருங்கள். புல்லின் குருத்து மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுபோயிருக்கும். அதே மருந்தில் நனைந்த மல்லாட்டை பச்சையாக நிற்கும்.

இந்த மருந்து செடியை எரிப்பதில்லை, பட்டினி போடுகிறது. வேலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் செடி தானே தயாரித்தாக வேண்டும். அதற்கு உதவும் ஒரு நொதியில் மருந்து போய் அடைத்துக்கொள்கிறது. புரதம் கட்ட வழியில்லாமல் குருத்து சாகிறது. மல்லாட்டையும் உளுந்தும் மருந்தைச் சீக்கிரமே சிதைத்துவிடுவதால் பிழைக்கின்றன.

மைசூர் பருப்புச் செடிக்கு அந்தத் தெம்பு போதாது. அதனால் கனடாவில், மருந்து பொருந்த முடியாதபடி நொதியே சற்று மாறிய செடிகளைச் சடுதிமாற்றத்தால் பெற்றார்கள். வெளி மரபணு எதையும் புகுத்தவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல்லுக்கும் இதைச் செய்தார்கள். நாகினா 22 ரகத்தில் சடுதிமாற்றம் தூண்டி, சுமார் 1 லட்சம் செடிகளுக்கு நடுவே தேடியதில் இமாசிதாபிரைத் தாங்கும் செடி கிடைத்தது. அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருந்தது! அதன் வழியில் வந்த பூசா பாஸ்மதி 1979, 1985 ரகங்கள் 2021இல் வெளியாயின.

களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பயம் வேறிடத்தில் இருக்கிறது. நெல்லுக்கும் இதே மருந்து, பின்னால் வரும் உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் இதே மருந்து என்றால், லட்சத்தில் ஒன்றாகத் தப்பும் செடி களைகளுக்குள்ளும் இருக்கும். அதை யாரும் தேட வேண்டியதில்லை. மற்றதையெல்லாம் கொன்று மருந்தே பொறுக்கிக் கொடுத்துவிடும். மேற்குக் கனடாவின் வயல்களில் காட்டுக் கடுகு இப்படித்தான் இவ்வகை மருந்துகளுக்கு அடங்காமல் போனது. போதாததற்கு, மருந்து மண்ணில் மாதக்கணக்கில் தங்கி, தாங்காத அடுத்த பயிரையும் வாட்டலாம்.

நெல்லுக்குப் பின் உளுந்தோ மல்லாட்டையோ போடுவதில் ஒரு லாபம், அவற்றின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்த்து உரச்செலவைக் குறைப்பது. அந்த லாபத்தை ஒரே மருந்துக்குத் தாரைவார்க்க வேண்டாம். மல்லாட்டைக்கு இதை அடித்திருந்தால் அடுத்த போகத்துக்கு வேறு வழி பாருங்கள். தப்பி நிற்கும் களையை, பூக்கும் முன் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.