உடையாமல் நிற்க வேண்டிய பாறை

மாமல்லபுரத்துக்கு நீங்கள் சென்றிருக்கக்கூடும். கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் பார்த்துத் திரும்புவோரில் பலர் கவனிக்காத ஒன்று அங்கே உண்டு. சில பாறைகளின் மேல், துணியில் தையல் போட்டது போலச் சிறு குழிகள் வரிசையாகத் தெரியும். பாறையைப் பிளப்பதற்காகக் கல்தச்சர்கள் வெட்டிய ஆப்புக் குழிகள் அவை.

கருங்கல் உடைப்போர் கையாளும் முறையும் இதுதான். நேர்கோட்டில் துளைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பைச் செருகுவார்கள். பிறகு சம்மட்டியால் முதல் ஆப்பில் ஓர் அடி, அடுத்ததில் ஓர் அடி என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார்கள். எல்லா ஆப்புகளும் ஒரே அளவில் இறுகிய பின், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மெல்லிய கோடு ஒன்று ஓடும். பாறை இரண்டாகப் பிளந்துவிடும்.

பாறை பிளந்ததில் பெரிய வியப்பு இல்லை. கோட்டுக்கு இருபுறமும் உள்ள கல் சிதையாமல் நிற்கிறதே, அதுதான் வியப்பு.

இதே வேலையை வெடிமருந்தைக் கொண்டு செய்ய முடியுமா? மதம் பிடித்த யானையிடம் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொல்வது போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அணைகள், சுரங்கப் பாதைகள், நீர்மின் நிலையங்கள் ஆகியவற்றைக் கட்டும் பொறியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அது எவ்வாறு முடிகிறது என்று பார்ப்போம்.

பாறையின் பலவீனம்

பாறையை அமுக்கி உடைப்பது மிகக் கடினம். கருங்கல் தூண்கள் பல நூற்றாண்டுகளாகக் கோயில் மண்டபங்களைத் தாங்கி நிற்பதை நாம் காண்கிறோம். ஆனால் அதே கல்லை இருபுறமும் பிடித்து இழுத்தால் எளிதில் அறுந்துபோகும். அமுக்க விசையைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவாகவே, இழுவிசையைத் தாங்கும் திறன் பாறைக்கு உண்டு. கல்தச்சர் பாறையை நொறுக்குவதில்லை. ஆப்பால் அதை இழுக்கிறார்.

வெடியும் இந்தப் பலவீனத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. துளைக்குள் மருந்து வெடித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலில் ஓர் அதிர்ச்சி அலை, விநாடிக்குச் சில ஆயிரம் மீட்டர் வேகத்தில் பாறைக்குள் பரவுகிறது. துளையை ஒட்டிய பாறை நொறுங்குகிறது. அதைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் விரிசல்கள் பாய்கின்றன. இந்த அலை பாறையின் வெளிமுகத்தை அடைந்ததும், அதற்கு அப்பால் காற்றே இருப்பதால், திரும்பி வருகிறது. போகும்போது அமுக்கிய அலை, திரும்பும்போது இழுக்கும் அலையாகிவிடுகிறது. அடுத்ததாக, வெடித்த மருந்திலிருந்து தோன்றிய சூடான வாயுக்கள் விரிசல்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்கிப் பாறையை முன்னே தள்ளுகின்றன.

வெடியின் ஆற்றல் முழுவதும் பாறையை உடைக்கவே செலவாவதில்லை. ஒரு பகுதிதான் அதற்குப் பயன்படுகிறது. மிஞ்சியது நில அதிர்வாகவும், பேரோசையாகவும், பறக்கும் கற்களாகவும், காக்க வேண்டிய பாறைக்குள் ஓடும் விரிசல்களாகவும் மாறுகிறது. அயலாரின் வீட்டை ஆட்டுவது இந்த மிச்ச ஆற்றல்தான்.

வலிமையிலிருந்து கட்டுப்பாட்டுக்கு

1627-ஆம் ஆண்டில், இன்றைய சுலோவாக்கியாவில் உள்ள ஒரு சுரங்கத்தில் பாறையை உடைக்கக் கருமருந்து பயன்படுத்தப்பட்டது. அது வலிமை குறைந்த மருந்து. திரி எவ்வளவு நேரத்தில் எரிந்து முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய குறை. வேட்டு வைத்தவர் ஓடி ஒளிவதற்குள் அது வெடித்துவிடும். 1831-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிக்ஃபோர்டு சீராக எரியும் பாதுகாப்புத் திரியை உருவாக்கிய பின் எத்தனையோ உயிர்கள் தப்பின.

பிறகு வந்த நைட்ரோகிளிசரின் வலிமை மிக்கது. ஆனால் சிறு அதிர்ச்சியையும் தாங்காதது. 1864-இல் ஸ்டாக்ஹோமில் ஆல்ஃபிரெட் நோபலின் தொழிற்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உள்ளிட்ட பலர் மாண்டனர். 1867-இல் நோபல் உரிமை பெற்ற டைனமைட்டின் சிறப்பு அதன் வலிமை மட்டுமன்று. நாம் வெடிக்கச் செய்யும்வரை அது பொறுமையாக இருந்தது. இவ்வரலாறு முழுவதிலும் மனிதன் தேடியது வலிமையைவிடக் கட்டுப்பாட்டையே எனலாம்.

நயாகராவின் பாடம்

அமெரிக்காவில் நயாகரா அருவிக்குக் கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையை ஒட்டி ஷோல்காஃப் என்ற நீர்மின் நிலையம் இருந்தது. 1956 ஜூன் 7 அன்று அதன் பின்புறப் பாறையில் நீர் கசிந்தது. சிறிது நேரத்தில் பாறை சரிந்தது. நிலையத்தின் பெரும்பகுதி ஆற்றுக்குள் விழுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அது வெடியால் நேர்ந்ததன்று. ஆயினும், விரிசலும் நீரும் சேர்ந்தால் மலை போன்ற பாறையும் நில்லாது என்பதை அது காட்டிவிட்டது.

இழந்த மின்சாரத்தை ஈடு செய்யவும் மேலும் பெறவும் புதிய நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. 1961-இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அந்நிலையத்துக்கு, அருவிக்கு மேலிருந்து நீரைக் கொண்டுவர வேண்டும். அதற்காக நயாகரா நகரின் ஊடே சுமார் 6.5 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு மாபெரும் கால்வாய்களைப் பாறையில் ஆழமாக வெட்டிக் கான்கிரீட்டால் மூடினார்கள்.

வழக்கமான முறையில் வேட்டு வைத்தால், வரைந்த கோட்டோடு பாறை நிற்காது. அதைத் தாண்டியும் உடையும். உடைந்த இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். 1 கிலோமீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் உள்ள கால்வாயின் இருபுறச் சுவர்களிலும் 30 சென்டிமீட்டர் அளவு மிகையாக உடைந்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். 12,000 கன மீட்டர் கான்கிரீட் வீணாகும்! இதைவிடக் கேடானது, தளர்ந்த சுவரிலிருந்து கீழே வேலை செய்வோர் மீது கல் விழும் அபாயம்.

இங்கே பெரிய அளவில் கையாளப்பட்டுப் பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்ததே ‘முன்பிளவு’ முறை. சுவர் எங்கே நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நெருக்கமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் துளைகள் இடப்படுகின்றன. அவற்றில் வைக்கப்படும் மருந்து மிகக் குறைவு. தோட்டா துளையை விட ஒல்லியாக இருப்பதால் சுற்றிலும் காற்று இடைவெளி இருக்கும். அது மெத்தை போல அமைந்து, துளைச் சுவர் நொறுங்காமல் காக்கிறது. இத்துளைகள் எல்லாம் ஒரே கணத்தில் வெடிக்கின்றன. அப்போது அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடையே உள்ள பாறை இழுபட்டு, துளையிலிருந்து துளைக்கு ஒரே விரிசல் ஓடுகிறது.

ஆம், மாமல்லபுரத்து ஆப்பு வரிசையேதான்! ஆப்புக்குப் பதில் வாயு. சம்மட்டிக்குப் பதில் மின்பொறி.

அதன் பிறகே கால்வாய்க்குள் இருக்கும் பாறையைத் தகர்க்கும் பெரிய வெடிகள் வெடிக்கும். அவற்றின் வாயுக்களும் விரிசல்களும் ஏற்கெனவே உள்ள பிளவை எட்டியதும் அங்கேயே தம் வலிமையை இழக்கின்றன. அப்பால் உள்ள பாறை தப்பிவிடுகிறது. சுரங்கப் பாதைகளில் இதை ஒட்டிய வேறொரு முறை உண்டு. அங்கே ஓரத்துத் துளைகள் கடைசியாக வெடிக்கின்றன. நகரங்களின் அடியிலேயே பாறை குடைய வேண்டியிருந்த சுவீடன் நாட்டில் இது சிறப்பாக வளர்ந்தது.

ஒரு வெடியா, இருபத்தைந்தா?

சுவரைக் காத்துவிட்டோம். அயலாரின் வீட்டை எவ்வாறு காப்பது?

நில அதிர்வு, ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையைப் பொறுத்தது. தூரத்தை அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் சமமாக இருந்தால், அதே பாறையில் அதிர்வும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 100 கிலோ மருந்து ஒரே கணத்தில் வெடிக்கிறது என்போம். 100-இன் வர்க்கமூலம் 10. அதே 100 கிலோவை 25 துளைகளில் 4 கிலோ வீதம் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்வோம். 4-இன் வர்க்கமூலம் 2. முதல் முறையில் 500 மீட்டருக்கு அப்பால் இருக்கும் அதிர்வுதான், இரண்டாம் முறையில் 100 மீட்டரில் இருக்கும்.

ஒவ்வொரு வெடிக்கும் இடையே ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 25 மில்லிவிநாடி, இடைவெளி விட்டால் போதும். 25 துளைகளும் 0.6 விநாடியில் வெடித்து முடிந்துவிடும். நம் காதுக்கு அது ஒரே முழக்கம். பாறைக்கோ இருபத்தைந்து சிறு அடிகள். முன்னே உள்ள துளை வெடித்துப் பாறை நகர்ந்ததும், பின்னே உள்ள துளைக்குப் புதிய வெளிமுகம் கிடைக்கிறது. எனவே பாறையும் நன்றாக உடைகிறது. பழைய டெட்டனேட்டர்களில் எரியும் மருந்தே நேரத்தை அளந்ததால், குறித்த நேரம் சற்று முன்பின்னாக மாறும். இன்றைய மின்னணு டெட்டனேட்டர்களில் 1 மில்லிவிநாடி வரை துல்லியமாக நேரத்தை அமைக்கலாம்.

வீடு ஆடுவது ஏன்?

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயரப் போகும். வீடும் ஓர் ஊஞ்சல்தான். சிறிய வீடுகள் இயல்பாக விநாடிக்குச் சுமார் 4 முதல் 12 தடவை வரை ஆடக்கூடியவை. அதே அளவில் வரும் மெதுவான அதிர்வு அவற்றை மிகுதியாக ஆட்டும். வேகமான துடிப்பு அவ்வளவு தீங்கு செய்யாது. அமெரிக்கச் சுரங்கத் துறை 1971-இல், நிலம் விநாடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் அசையும்வரை வீடுகளுக்கு ஆபத்து இல்லை என்றே கருதியது. மேலும் ஆராய்ந்து, மெதுவான அதிர்வுகளுக்கு அந்த வரம்பை 1980-இல் வெகுவாகக் குறைத்தது.

இந்தியாவில் 1997-இல் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வகுத்த வரம்புகள் இன்னும் கண்டிப்பானவை. சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமல்லாத வீடுகளின் அருகே, விநாடிக்கு 8 துடிப்புக்குக் குறைந்த அதிர்வு 5 மில்லிமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. 8 முதல் 25 துடிப்பு வரை 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் 15 மில்லிமீட்டர். தொன்மையான கட்டடங்களுக்கு முறையே 2, 5, 10 மில்லிமீட்டர். இத்தகைய ஆராய்ச்சிக்கெனவே கோலார் தங்கவயலில் 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

உங்கள் ஊருக்கு அருகே கல் குவாரி இருந்தால் இந்த எண்கள் உங்களுக்குப் பயன்படும். மனித உடல் மிக நுண்ணியது. விநாடிக்கு 1 மில்லிமீட்டர் அதிர்வையே உணர்ந்து திடுக்கிடும். ஆகவே, உணர்ந்த அதிர்வெல்லாம் சுவரைப் பிளந்துவிடாது. அதற்காக, ‘ஒன்றும் ஆகாது’ என்று குவாரிக்காரர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வாசலில் ஓர் அதிர்வுமானியை வைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். வெடி வைப்பதற்கு முன்பே வீட்டுச் சுவர்களில் உள்ள விரிசல்களைப் படமெடுத்துத் தேதியிட்டு வைத்திருப்பதும் நல்லது. பழைய விரிசல் எது, புதிய விரிசல் எது என்ற வழக்கு அப்போது எழாது.

மலையைக் குடைந்து போடப்பட்ட சாலையில் இனிப் பேருந்தில் செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். வெட்டிய பாறைச் சுவரில், நீளவாக்கில் பிளந்த குழாயின் ஒரு பாதி போன்ற தடங்கள் மேலிருந்து கீழாக வரிசையாகத் தெரிகின்றனவா? அவை வெடித் துளைகளின் மிச்சம். துளையின் மறுபாதி உடைந்த பாறையோடு போயிற்று. இந்தப் பாதி சுவரோடு நின்றுவிட்டது. முன்பிளவு நன்றாக அமைந்ததா என்று அறியப் பொறியாளர்கள் இத்தடங்களைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். தடங்கள் தெளிவாக இருந்தால், அச்சுவரின் அடியில் போகும் உங்கள் பேருந்தையும் மனத்தில் கொண்டு யாரோ வேட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.