காணும் பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு போக குடலை இட்லி... வீட்டிலேயே 3 முறைகளில் செய்யலாம்!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டை உற்சவத்துக்காக காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருள்வார். பிறகு ஆற்றைக் கடந்து, திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கு வருவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே ஒன்றுகூடுவதால் ஊரே திருவிழாக்கோலம் பூணும்.

வரதர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அவருக்குப் படைக்கப்படும் குடலை இட்லி. நீளமான மூங்கில் கூடையில் மந்தாரை இலையைச் சுற்றிலும் வைத்து, மாவை ஊற்றி முழுசாக அவித்தெடுப்பார்கள். கோயில் மடப்பள்ளியில் இது வேக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

பொங்கல் விடுமுறைக்கு வீடு நிறைய சொந்தக்காரர்கள் வரும்போது இந்த இட்லி கைகொடுக்கும். ஆனால், ஒரு சிக்கல் உண்டு. மேலே வெந்தது போலத் தெரியும். வெட்டினால் நடுவில் பச்சை மாவாக இருக்கும். மொத்த வீட்டுக்கும் டிபன் போச்சு! எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கவலை இல்லை.

மாவு எப்படி இருக்க வேண்டும்?

பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் தலா ஒரு டம்ளர். ஊறவைத்து, ரவை பதத்தில் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைஸாக அரைத்தால் இட்லி களி போல ஆகிவிடும். உப்பும் அரை டம்ளர் தயிரும் சேர்த்து இரவு முழுக்கப் புளிக்கவிடுங்கள். தை மாதக் குளிரில் மாவு பொங்க 10 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம்.

அவிப்பதற்கு முன், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம் தலா 2 டீஸ்பூன், சுக்குப் பொடி 1 டீஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை 2 டேபிள்ஸ்பூன் நெய்யில் தாளித்து மாவில் கலக்கவும். 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயும் சேருங்கள்.

1. டம்ளர் இட்லி

முதல்முறை செய்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. எவர்சில்வர் டம்ளரில் எண்ணெய் தடவி, முக்கால் பாகம் மட்டும் மாவு ஊற்றி, 20 முதல் 25 நிமிடங்கள் அவிக்கவும். அளவு சிறியது என்பதால் நடுப்பகுதியும் சீக்கிரம் வெந்துவிடும்.

2. குக்கர் இட்லி

அகலமான பாத்திரத்தில் வாழை இலையை விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு மாவு ஊற்றவும். குக்கரில் வெயிட் போடாமல் 35 முதல் 40 நிமிடங்கள் வைத்தால் போதும். கேக் போலத் துண்டு போட்டுப் பரிமாறலாம்.

3. குடலை இட்லி

மந்தாரை இலையைத் தண்ணீரில் நனைத்து, சின்ன மூங்கில் குடலையின் உட்புறம் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். முக்கால் பாகம் மாவு ஊற்றி, மூடி போட்ட உயரமான பாத்திரத்தில் அவிக்கவும். ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். நடுவில் தண்ணீர் குறைந்தால் வெந்நீரை மட்டுமே ஊற்றவும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, உள்ளே வேகாமல் நின்றுவிடும். இலையின் வாசம் இட்லியில் இறங்குவதால், ருசியில் கோயில் இட்லிக்கு நெருக்கமாக வருவது இந்த முறைதான்.

வெந்துவிட்டதா?

நீளமான ஈர்க்குச்சியை நடுப்பகுதியின் அடிவரை செருகிப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் அடுப்பை அணைக்கலாம். ஒட்டினால் இன்னும் 10 நிமிடங்கள் வைத்து மறுபடி பாருங்கள். 15 நிமிடங்கள் ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும்.

மாட்டுப் பொங்கல் இரவு அவித்து நன்றாக ஆறவைத்துவிட்டால், மறுநாள் காணும் பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப் போவதே நல்லது.