பசித்தவனுக்குச் சோறு போட்டால் போதுமா? கரிசல் பூமியில் வாழ்ந்த ஜே.சி.குமரப்பா எழுப்பிய கேள்வி!

கோவில்பட்டி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கடலை மிட்டாய். அடுத்தது தீப்பெட்டி. இந்த ஊரின் பெயரை வெளியூருக்குச் சுமந்து சென்ற இரண்டுமே சிறு முதலீட்டில், பல கைகளின் உழைப்பில் உருவான தொழில்கள். கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட தொழில்கள்தான் ஏழை நாடுகளைக் கைதூக்கிவிடும் என்று, உலகமே பெரிய ஆலைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் வாதாடினார். லண்டனில் ஆடிட்டிங் படித்தவர். நியூயார்க்கில் பொருளாதாரம் படித்தவர். தன் கடைசி ஆண்டுகளைக் கோவில்பட்டிக்கு வடக்கே, இதே கரிசல் காட்டின் இன்னொரு பகுதியான டி.கல்லுப்பட்டியில் கழித்தவர். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

'காந்தியப் பொருளாதார அறிஞர்' என்ற ஒரு வரியோடு அவரை நாம் கடந்துவிடுகிறோம். அவர் கடைசிவரை இயேசுவைப் பின்பற்றிய கிறிஸ்தவர் என்பதும், ஏழைகள் பற்றிய அவருடைய பொருளாதாரம் அந்த நம்பிக்கையில் வேர் கொண்டிருந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

தஞ்சாவூர் பையன், லண்டன் ஆடிட்டர்

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் குமரப்பா. அப்போதைய பெயர் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மகன் லண்டனுக்குப் போய் ஆடிட்டர் ஆனார். ஊர் திரும்பி பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம் நடத்தினார். கோட்டும் சூட்டும் அணிந்த, நல்ல வருமானம் உள்ள வாழ்க்கை.

1927-ல் அமெரிக்கா போனார். முதலில் சிராக்யூஸ், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ஒரு சர்ச்சில் பேச அழைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது. அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், 'உன் ஆராய்ச்சியையே இதில் செய்யலாமே' என்று திருப்பிவிட்டார்.

வெள்ளையர் அரசு வசூலித்த வரி எங்கே போனது? யாருக்குச் செலவானது? கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவருக்குப் பதில் தெளிவாகவே கிடைத்தது. ஏழ்மை தலைவிதியால் வந்ததல்ல. அது ஒரு ஏற்பாடு. இதை எண்களோடு எழுதினார்.

கரிசல் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இங்கே விளைந்த பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. வெளிநாட்டுச் சந்தையில் அதற்குத் 'தின்னவேலி' என்றே பெயர். 1901-லேயே கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. முக்கியக் காரணம் பருத்தி. பஞ்சு வெளியே போனது, துணி உள்ளே வந்தது. இடையில் இருந்த லாபம் மானாவாரி விவசாயியின் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

மாட்டுச் சாணம் மெழுகிய தரையில் ஒரு சந்திப்பு

1929 மே 9. தன் ஆய்வைக் காந்தியிடம் காட்டுவதற்காகச் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மேல்நாட்டு உடையில் போனவர், மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரை நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்து அந்த முதியவரே, 'நீங்கள்தான் குமரப்பாவா?' என்று விசாரித்த பிறகுதான் அது காந்தி என்று புரிந்தது. உடையைப் பற்றிக் கவலைப்படாமல் சாணம் மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. காந்தி அவரிடம் அடுத்த வேலையையும் கொடுத்தார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் மக்களின் வருமானத்தைக் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் ஆய்வை முடித்தார். அதற்குள் கோட் சூட் போய்க் கதர் வந்திருந்தது. கார்னிலியஸ் என்ற பெயரும் போய், குமரப்பா என்ற குடும்பப் பெயர் வந்திருந்தது.

பேராயரோடு ஒரு வாக்குவாதம்

1930-ல் உப்பு சத்தியாகிரகம். அப்போது இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபைத் தலைவராக இருந்தவர் கல்கத்தா பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட். சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு ஏற்றதல்ல என்று அவர் கருத்துச் சொன்னார்.

குமரப்பா சும்மா இருக்கவில்லை. பேராயருக்கே பகிரங்கமாக எழுதினார். அநியாயமான சட்டத்தை அகிம்சையோடு எதிர்ப்பது எப்படி இயேசுவின் வழிக்கு மாறானது என்று கேட்டார். ஆட்சியாளர்களோடு ஒட்டிக்கொண்டு, ஏழைகளின் போராட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும் சபையை அவரால் ஏற்க முடியவில்லை. அதற்காக நம்பிக்கையை உதறிவிடவும் இல்லை. சபை வேறு, இயேசு காட்டிய வழி வேறு என்று பிரித்துப் பார்த்தார். 'யங் இந்தியா'வில் எழுதியதற்காகச் சிறைக்கும் போனார்.

மூன்று அணா கணக்கு

1934-ல் பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணப் பணியில் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளுக்கு மூன்று அணா என்று வரம்பு கட்டினார். ஒரு பைசா கூடினாலும் கேள்வி வரும்.

காந்தி தன் குழுவினரோடு பாட்னா வந்தார். அவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். அந்தப் பணம் வீடிழந்தவர்களுக்கு என்று வந்த பணம். காந்தியாகவே இருந்தாலும் அதில் கை வைக்க முடியாது. காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.

நன்கொடை திரட்டும் எந்த அமைப்புக்கும், எந்த மதத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், இந்த மூன்று அணா கணக்கு இன்றும் பாடம்தான்.

புலி, குரங்கு, பறவை, தேனீ, தாய்

1934 கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் அதை முன்னின்று நடத்தியவர் குமரப்பா. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனை வெல்லம், கைக்காகிதம் என ஒவ்வொன்றிலும் சோதனைகள் நடந்தன. இறக்குமதி மண்ணெண்ணெய்க்குப் பதிலாக உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே உருவானது.

1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தைத் தொடர்ந்து மறுபடியும் சிறை. அங்கே இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். ஒரே சிறையில், ஒரே மனிதரின் கையிலிருந்து மதமும் பொருளாதாரமும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன.

நிலைத்த பொருளாதாரத்தை அவர் விளக்கும் விதம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

*புலி:* இன்னொரு உயிரைக் கொன்று வாழ்கிறது.

*குரங்கு:* தோப்பில் பழத்தைப் பறித்துத் தின்கிறது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

*பறவை:* தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்கிறது.

*தேனீ:* தனக்காக மட்டுமின்றிக் கூட்டத்துக்காகச் சேர்க்கிறது.

*தாய்ப்பறவை:* பதில் எதுவும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது.

மனிதர்களின் தொழிலும் வியாபாரமும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் அடங்கும் என்பது அவர் கணக்கு. புலியிலிருந்து தாயை நோக்கி நகர்வதுதான் நாகரிகம். வன்முறையால் வளரும் பொருளாதாரம் நிலைக்காது.

ஒரு கோகோ டப்பாவின் கதை

பொருளை வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்பது குமரப்பாவின் முக்கியமான வாதம். கோகோவை அவர் உதாரணமாகச் சொன்னார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய கட்டாய உழைப்பில் விளைந்த கோகோ, வல்லரசின் கப்பலில் வந்து கடையில் அடுக்கப்படுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கும்போது அந்தக் கட்டாய உழைப்பிலும் நமக்குப் பங்கு வந்துவிடுகிறது.

இத்தனை ஆண்டுகள் ஆகியும், மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால், உள்ளூர்ச் சிறுதொழில் என்றாலே சுத்தமானதா? கரிசல் மண்ணிடமே இதற்குப் பதில் இருக்கிறது. மழை பொய்த்த ஊர்களில் தீப்பெட்டித் தொழில்தான் அடுப்பு எரிய வைத்தது, குறிப்பாகப் பெண்களின் கைக்கு வாரக் கூலி கொண்டுவந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் இதே தொழில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் பள்ளிப் பருவத்தையும் தின்றது. 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் வேலைக்கு வைப்பதை 1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்தது.

குமரப்பாவின் அளவுகோலை வைத்தால் இரண்டும் தெரியும். ஆயிரம் பேருக்கு வேலை தரும் கைத்தொழில் தேனீயாகவும் இருக்கலாம். கூலியைக் குறைத்துப் பிள்ளைகளை உட்காரவைத்தால் அதே தொழில் புலியாகவும் மாறலாம். ஆலை பெரியதா சிறியதா என்பதோடு, யாருடைய வயிற்றில் அடித்து விலை குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கல்லுப்பட்டிக்கு வந்த மனிதர்

சுதந்திரத்துக்குப் பிறகு, காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார் குமரப்பா. உழுபவருக்கே நிலம், இடைத்தரகர் கூடாது, ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. ஜமீன் ஆட்சியில் வாரம் அளந்து பழகிய கரிசல் சம்சாரிக்கு இதன் அருமை தெரியும்.

நாடு வேறு பாதையில் போனது. ஐந்தாண்டுத் திட்டங்களும் பெரிய ஆலைகளும் அணைகளும் முன்னுக்கு வந்தன. குமரப்பா பதவி தேடிப் போகவில்லை. 1950-களில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். கோ.வெங்கடாசலபதி 1940-ல் தொடங்கிய ஆசிரமம் அது. டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணி போடுமா என்று அவர் கேட்டதாக இன்றும் இயற்கை விவசாயிகள் சொல்கிறார்கள்.

இன்னொரு சம்பவமும் சொல்லப்படுகிறது. அவர் குடிசையில் காந்தி படம் இருந்தது. பக்கத்தில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம். பார்க்க வந்தவர் அது யார் என்று கேட்க, காந்தி என் குரு, இவர் என் குருவுக்கே குரு என்றாராம் குமரப்பா.

1960 ஜனவரி 30-ல் அவர் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி. 13 ஆண்டுகள் கழித்து, 1973-ல், இ.எஃப்.ஷூமாக்கரின் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வேலை என்பது மனிதரை எப்படி உயர்த்துகிறது என்று சொல்லும் இடத்தில், அந்தப் புத்தகம் மேற்கோள் காட்டுவது குமரப்பாவை.

அசனத்துக்கு அடுத்த நாள்

தென் மாவட்டச் சர்ச்சுகளில் அசனம் என்றால் ஊரே கூடும். பெரிய அண்டாக்களில் சோறு பொங்கும். பணக்காரர், கூலிக்காரர், பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்கள் எனப் பலரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். கோயில் கொடைகளிலும் கந்தூரி விழாக்களிலும் இதே அன்பைப் பார்க்கலாம். பசித்தவருக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டில் எந்த மதமும் சளைத்ததல்ல.

குமரப்பாவின் கேள்வி அடுத்த நாள் காலையில் தொடங்குகிறது. நேற்று நம்மோடு பந்தியில் உட்கார்ந்தவர் இன்று நம் வயலிலோ, நம் கடையிலோ, நம் கம்பெனியிலோ வேலைக்கு வந்து நிற்கிறார். அவருக்கு நாம் கொடுக்கப்போகும் கூலி என்ன?