வீட்டு கம்ப்யூட்டரில் பதுங்கி இருக்கும் 'உளவாளி': போடி குடும்பங்களே உஷார்!

போடி,

ஏலக்காய் ஸ்டோருக்கு ரெண்டு பூட்டு போட்டு, ராத்திரி காவலுக்கும் ஆள் வைக்கும் ஊர் போடிநாயக்கனூர். ஆனால் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் திருடன் வந்து உட்கார்ந்தால் பல குடும்பங்களுக்கு தெரிவதே இல்லை. காரணம், அவன் பூட்டை உடைத்து வருவதில்லை. வீட்டில் யாரோ ஒருவர் 'எஸ்' பட்டனை அமுக்கி உள்ளே விடுகிறார்கள்.

அந்த திருடனின் பெயர் ஸ்பைவேர். அதாவது உளவு பார்க்கும் சாப்ட்வேர்.

வைரஸ் வந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். உடனே கடைக்கு தூக்கிக் கொண்டு ஓடுவோம். ஸ்பைவேர் அப்படி இல்லை. எதையும் உடைக்காது, சத்தம் போடாது. ஏலச்செடியில் இலைப்பேன் விழுந்த மாதிரி உள்ளேயே இருக்கும். காயில் சொறி தெரியும்போதுதான் விவசாயிக்கு விஷயம் புரியும். அதுபோல பேங்க் கணக்கில் பணம் குறையும்போதுதான் வீட்டுக்காரருக்கு தெரியவரும்.

என்னதான் திருடும்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் இதுவும் கூடவே எழுந்து கொள்ளும். கீ போர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்து வைக்கும். திரையை அவ்வப்போது போட்டோ எடுக்கும். 'பாஸ்வேர்டை சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்டு, நாம் 'சரி' என்று கொடுத்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளும். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதையும் விடாது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி, இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் மர்ம ஆசாமிக்கு அனுப்பிவிடும்.

"நாம என்ன பெரிய கோடீஸ்வரனா, நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இந்த திருடர்கள் ஆள் பார்த்து வருவதில்லை. வலையை வீசி, மாட்டும் மீனை எல்லாம் அள்ளுகிறார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் 16-ந்தேதியில் இருந்து மே 16-ந்தேதி வரை, இரண்டே மாதத்தில் 'லும்மா' என்ற ஒரே ஒரு திருட்டு சாப்ட்வேர் உலகம் முழுவதும் 3 லட்சத்து 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து இருந்ததாக மைக்ரோசாப்ட் நிறுவனம் அறிவித்தது.

போடியில் ஏலக்காய் ஏலமே 2007-ம் ஆண்டு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. நறுமண பொருட்கள் வாரிய மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் விலை கேட்கிறார்கள். ஜீப்பில் மலை ஏறி தோட்ட வேலைக்கு போகிறவரின் வீட்டிலும் இன்று பி.எப். கணக்கு, கேஸ் புக்கிங், பிள்ளைகளின் காலேஜ் பீஸ் எல்லாம் இன்டர்நெட்டில்தான். 2011-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் லேப்டாப் வந்தது. பிள்ளை படித்து முடித்த பிறகு அந்த லேப்டாப்தான் குடும்ப கம்ப்யூட்டர். அதில்தான் தம்பி கேம் விளையாடுகிறான். அதிலேயேதான் அப்பாவின் பேங்க் கணக்கும் திறக்கப்படுகிறது. ஆபத்தே இங்குதான் இருக்கிறது.

அணுமின் நிலையத்தையே விடவில்லை

விளையாட்டும் பணமும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதற்கு தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நெல்லை மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் உளவு சாப்ட்வேர் புகுந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' இதை கவனித்து 2019-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி தகவல் கொடுத்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ந்தேதி இதை உறுதி செய்தது.

நிபுணர்கள் இதை 'டிடிராக்' என்று அடையாளம் கண்டனர். தட்டும் எழுத்துகள், பார்த்த இணையதளங்கள், கம்ப்யூட்டரில் உள்ள பைல்களின் பட்டியல் ஆகியவற்றை திருடும் ரகம் அது. இதே வகையை சேர்ந்த இன்னொன்று, ஏ.டி.எம். கார்டு விவரங்களை திருடுவதற்காக 2018-ம் ஆண்டு இந்திய வங்கிகளில் புகுத்தப்பட்டு இருந்ததாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் தெரிவித்தது.

ஆனால் கூடங்குளத்தில் அணு உலைக்கு எந்த பாதிப்பும் இல்லை. ஏன் தெரியுமா? உளவு சாப்ட்வேர் மாட்டியது, நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைக்கப்பட்ட கம்ப்யூட்டர். உலையை இயக்கும் நெட்வொர்க் அதில் இருந்து தனியாக பிரிக்கப்பட்டு இருந்தது. திருடன் திண்ணை வரை வந்தான், பெட்டி இருக்கும் அறைக்கு வழி இல்லை. இதே வேலையை காசு செலவில்லாமல் நம்ம வீட்டிலும் செய்யலாம்.

எந்த வழியில் வருகிறது?

புதுப்படத்தை ஓசியில் காட்டும் இணையதளம், 'கிராக்' செய்த கேம், காசு கொடுக்காமல் விண்டோசை 'ஆக்டிவேட்' செய்யும் சாப்ட்வேர். இவை மூன்றும்தான் முக்கிய வாசல்கள். 'வீடியோ ஓட இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கேட்டால், அங்கேயே மூடிவிட வேண்டும்.

'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் உள்ளது, உடனே கிளிக் செய்யவும்' என்று திடீரென வரும் விளம்பரமும் டுபாக்கூர்தான்.

பில், கூரியர், வரி நோட்டீஸ் என்ற பெயரில் மெயிலில் வரும் 'ஜிப்' பைல்களை அனுப்பியவர் யார் என்று தெரியாமல் திறக்கக் கூடாது. டவர் கிடைக்காத மலை தோட்டப் பகுதிகளில் படமும் பாட்டும் பென்டிரைவில் கைமாறும். அதை சொருகியதும் திறக்காமல், முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

சமீப காலமாக புது தந்திரம் ஒன்று வந்திருக்கிறது. 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம் ஒன்று திறக்கும். விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்கு, பிறகு கன்ட்ரோலும் 'வி'யும் அமுக்கு, கடைசியில் என்டர் தட்டு என்று சொல்லும். சொன்னபடி செய்தால் திருட்டு சாப்ட்வேரை நம் கையாலேயே இறக்கிக் கொள்கிறோம் என்று அர்த்தம். உண்மையான எந்த இணையதளமும் இப்படி கேட்காது.

"சார், பேங்க்ல இருந்து பேசுறேன், எனிடெஸ்க் இறக்குங்க" என்று போன் வந்தாலும் வைத்துவிட வேண்டியதுதான். எனிடெஸ்க் என்பது தூரத்தில் இருந்து கம்ப்யூட்டரை சரிசெய்ய பயன்படும் நல்ல சாப்ட்வேர். அதை வைத்து மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019-ம் ஆண்டு பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

மூட்டையை பிரித்து, நாலு காயை உள்ளங்கையில் போட்டு பார்க்காமல் போடி வியாபாரி யாரும் சரக்கு எடுப்பதில்லை. டவுன்லோடு செய்வதிலும் அதே கறார் வேண்டும்.

எப்படி கண்டுபிடிப்பது?

பிரவுசரின் முதல் பக்கம் தானாக மாறுவது, நாம் போடாத டூல்பார் முளைப்பது, சும்மா இருக்கும்போதும் இன்டர்நெட் டேட்டா தீர்வது, ஆன்டிவைரஸ் தானாக ஆப் ஆகிக் கிடப்பது ஆகியவை அறிகுறிகள். கேட்காமலே ஓ.டி.பி. வந்தால் அது பெரிய அபாய மணி. நம் பாஸ்வேர்டு வேறு யார் கையிலோ இருக்கலாம். அதேசமயம், எந்த அறிகுறியும் இல்லாமலும் ஸ்பைவேர் இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை ஸ்கேன் செய்வது நல்லது.

செலவில்லாத பாதுகாப்பு

1. வீட்டுக்குள் தடுப்பு சுவர்: கம்ப்யூட்டரில் இரண்டு கணக்கு உருவாக்க வேண்டும். ஒன்று பணம், படிப்பு, அரசு வேலைகளுக்கு. இன்னொன்று கேம், சினிமா பார்க்க. 'செட்டிங்ஸ்' போய் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் புது கணக்கு சேர்க்கலாம். பிள்ளைகளின் கணக்கு 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருக்க வேண்டும். 'அட்மினிஸ்டிரேட்டர்' பாஸ்வேர்டு பெரியவர்களிடம் மட்டும் இருக்கட்டும். கேம் கணக்கில் ஸ்பைவேர் புகுந்தாலும், அடுத்த கணக்கில் உள்ள பாஸ்வேர்டுகளை சுலபத்தில் தொட முடியாது. கம்ப்யூட்டர் முழுவதும் பரவும் சாப்ட்வேரை போட முயன்றால் பெரியவரின் பாஸ்வேர்டை கேட்கும். "அப்பா, இது என்னமோ கேக்குது" என்று பிள்ளை வந்து நிற்கும்போது திருட்டு அங்கேயே நின்றுவிடும்.

2. இருக்கும் காவலாளியை எழுப்புங்கள்: 2005-ம் ஆண்டு வாக்கில் ஸ்பைவேரை விரட்ட 'ஸ்பைபாட்', 'ஆட்-அவேர்' என்று தனியாக சாப்ட்வேர் தேட வேண்டி இருந்தது. இப்போது விண்டோஸ் 10, 11-ல் 'விண்டோஸ் செக்யூரிட்டி' கூடவே வருகிறது. அது ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அதில் உள்ள 'ஆப்லைன் ஸ்கேன்' கொடுக்கலாம். விண்டோஸ் திறக்கும் முன்பே சோதிப்பதால், பதுங்கி இருப்பதும் மாட்டும். சுமார் 15 நிமிடம்தான் ஆகும். மத்திய அரசு 2017-ம் ஆண்டு தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்திலும் இலவச துப்புரவு சாப்ட்வேர்கள் கிடைக்கின்றன.

3. அப்டேட்டை தள்ளிப் போடாதீர்கள்: விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு வழக்கமான அப்டேட் முடிந்தது. தனியாக பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு தரப்பட்டது. பழைய லேப்டாப் புது விண்டோசை தாங்காது என்றால் லினக்ஸ் போடலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இலவசம், தமிழிலும் ஓடும். அதுவும் முடியாவிட்டால், அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை மட்டும் செய்யக் கூடாது.

4. பேங்க் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்க வேண்டாம்: மெயிலுக்கு கட்டாயம் இரண்டடுக்கு பாதுகாப்பு போட வேண்டும். மெயில் போனால், மற்ற எல்லா பாஸ்வேர்டையும் திருடன் மாற்றிவிடுவான்.

பணம் போய்விட்டால்?

முதல் வேலை, இன்டர்நெட் இணைப்பை துண்டிப்பது. அடுத்து 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள தோட்டத்தில் இருந்தாலும் இதே எண்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு அதிகம். "சாயங்காலம் மலையில் இருந்து இறங்கி வந்து பார்த்துக்கலாம்" என்று விட்டால் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.

அடுத்து பேங்கில் சொல்லி கணக்கை முடக்க வேண்டும். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே புது பாஸ்வேர்டு போட்டால், அதையும் ஸ்பைவேர் படித்துவிடும். வேறு போனில் இருந்து மாற்ற வேண்டும். தேனியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் புகார் கொடுக்கலாம். ஆதாரம் அழிந்துவிடும் என்பதால், புகார் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரை பார்மட் செய்யக் கூடாது.

வாடிக்கையாளர், பேங்க் இருவர் மேலும் தவறு இல்லாமல் வெளி ஆளால் பணம் போனால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் பேங்கில் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் கூறியது. ஆனால் பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் நம் தலையில்தான் என்றும் அதில் உள்ளது.

அடுத்தவர் கம்ப்யூட்டரில் இதுபோன்ற சாப்ட்வேரை புகுத்துவது தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். மனைவியையோ, மகளையோ, வேலைக்காரரையோ வேவு பார்க்க திருட்டுத்தனமாக ஸ்பைவேர் போடுகிறவர்களும் இதில் சிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

காலை 5 மணி ஜீப்பை பிடித்து, அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து காய் எடுத்த கூலி அது. ஒரு ஓசிப் படத்துக்காக அமுக்கும் 'எஸ்' அதை கொண்டுபோய்விடக் கூடாது. இன்று ராத்திரி கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன், பிள்ளைகளுக்கு தனி கணக்கு போட்டுக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.