பரணில் தாத்தா ரைபிள்... போல்ட் இறுகினால் சுத்தியலை எடுக்காதீர்கள்!

ராஜபாளையம், வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் ஒரு தோட்ட வீடு. தாத்தா லைசென்ஸோடு வைத்திருந்த பாயின்ட் 22 ரைபிள் பரணிலிருந்து இறங்குகிறது. போல்ட் அசையவில்லை. உடனே கை சுத்தியலைத் தேடும். ஆபத்து அங்கேதான்.

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கும். விளிம்பில் விழும் அடிதான் அதை வெடிக்க வைக்கிறது. பழைய தோட்டா என்பதால் மருந்து செத்திருக்கும் என்று நம்ப முடியாது. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி ஏன் கூடாது என்பதைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அதே கணக்குதான்.

துரு, பிசினாகிப்போன பழைய எண்ணெய், உள்ளே சிக்கிய தோட்டா ஆகியவற்றால் போல்ட் இறுகும். தோட்டா இருப்பதாகவே நினையுங்கள். குழலை ஆள் பக்கம் திருப்பாதீர்கள்; விசையைத் தொடாதீர்கள். சூடு காட்டுவது, குழலில் கம்பி விட்டுக் குத்துவது இரண்டும் வேண்டாம். பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள்.

ஆயுதச் சட்டம் 1959-ன்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். ஊர்ப் பட்டறையில் கொடுக்கக் கூடாது. தாத்தாவின் லைசென்ஸ் பேரனுக்குச் செல்லாது. முதலில் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, அங்கோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். போல்ட்டை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் கழற்றட்டும்.

காட்டுப்பன்றித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள். லைசென்ஸ் இருந்தாலும் நாமே சுடுவது குற்றம்.