எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் கடல் சேற்றைச் சுத்தம் செய்யுமா?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் இளைஞர்கள் அதை வாளி வாளியாக அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் மனம் நொந்தோம். அள்ளிய எண்ணெய்ச் சகதியைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பயன்பட்டன. அவற்றை நேராகக் கடலிலேயே கொட்டினால் என்ன என்று அப்போது நம்மில் பலர் கேட்டோம்.

உண்மையில் அவை கடலில் ஏற்கெனவே இருக்கின்றன. அல்கானிவோராக்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு எண்ணெய்தான் உணவு. சுத்தமான கடலில் அது மிகக் குறைவாக இருக்கும். எண்ணெய் கொட்டினால் மளமளவென்று பெருகி, அதைக் கரியமில வாயுவும் தண்ணீருமாகச் சிதைக்கும். அதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். எண்ணெயில் இந்தச் சத்துகள் அநேகமாக இல்லை.

1989-ல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தபோது, கரையில் உரம் போட்டார்கள். வயலுக்குப் போடுவது போலத்தான். புதிதாக எந்தக் கிருமியையும் கொண்டுவராமல், அங்கேயே இருந்த பாக்டீரியாவுக்குத் தீனி கொடுத்தார்கள். உரமிட்ட இடங்களில் எண்ணெய் வேகமாகச் சிதைந்தது. ஆனால் கூழாங்கற்களுக்கு அடியில் இறங்கிய எண்ணெய் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே கிடந்தது. அங்கே காற்றோட்டம் இல்லை.

சேற்றில் நிலைமை இன்னும் மோசம். கழிவு படிந்த சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே பிராணவாயு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வேறு வகை பாக்டீரியாக்கள் பிராணவாயு இல்லாமலே வேலை செய்கின்றன, ஆனால் மிக மெதுவாக. சேற்றைக் கிளறிக் காற்றுப் புகவிடலாம் என்றால், அடியில் அடங்கிக் கிடக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும்.

ஆகவே, "பாக்டீரியா போட்டுச் சுத்தம் செய்கிறோம்" என்று யாராவது சொன்னால், சேற்றில் இருப்பது எண்ணெயா, உலோகமா என்று நாம் முதலில் கேட்க வேண்டும். பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாம் தனிமங்கள். எந்த உயிரும் அவற்றைத் தின்று தீர்க்க முடியாது. காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுவதும் உண்டு. மீன் வழியாக நம் சட்டிக்கு வருவது அதுதான்; கருவிலுள்ள குழந்தையின் மூளையை அதிகம் பாதிப்பதும் அதுதான்.

ஜப்பானின் மினமாட்டா வளைகுடாவில் ஆலைக் கழிவால் பாதரசம் படிந்த சேற்றை நுண்ணுயிர்களிடம் விடவில்லை. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றைத் தோண்டியும் புதைத்தும், மேலே நல்ல மண் போட்டு மூடினார்கள். அந்த வேலை 1990 வரை நடந்தது. நஞ்சேறிய மீன்கள் வெளியே போகாமல் இருக்க வளைகுடாவின் வாயிலில் கட்டியிருந்த வலையை 1997-ல்தான் எடுத்தார்கள்.