தாயக்கட்டையும் சோழியும்: நிகழ்தகவு கற்பித்தலில் இருவகைக் கருவிகள்

நிகழ்தகவைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் நாணயத்தையும் ஆறுமுகப் பகடையையுமே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன. இவற்றின் விளைவுகள் அனைத்தும் சமவாய்ப்புடையன. அதனால், எந்தச் சோதனையிலும் விளைவுகளின் எண்ணிக்கையால் ஒன்றை வகுத்தால் போதும் என்னும் பிழையான எண்ணம் மாணவரிடம் எளிதில் வேரூன்றுகிறது. தமிழகத்துத் தாய விளையாட்டின் கருவிகள் இவ்வெண்ணத்தைக் களையத் துணைபுரிவன.

தாயக்கட்டை நான்கு நீள்முகங்கள் கொண்டது. ஒரு முகம் வெறுமையானது. ஏனையவற்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரு கட்டைகளை உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு விளைவுகள் கிடைக்கும். இரண்டும் வெறுமையாக விழுவதே பன்னிரண்டு. தாயம், அதாவது 1, விழும் நிகழ்தகவு யாது என வினவினால் 1/7 என்னும் விடை எழுவது இயல்பு. ஆனால் கூறுவெளியில் உள்ளவை 16 இணைகள். அவற்றுள் தாயம் தருவன இரண்டே. எனவே நிகழ்தகவு 1/8 ஆகும். 3 விழ 4 வழிகள் உள்ளன; 12 விழ ஒரே வழிதான்.

தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. எட்டு முறை உருட்டியும் அது விழாதிருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.34. எட்டில் ஒன்று என்பதை எட்டு முறைக்குள் ஒருமுறை உறுதி எனக் கொள்வோருக்கு இக்கணக்கு மிகவும் தேவையானது. மேலும், இரட்டை வெறுமைக்குப் பூச்சியம் வழங்கினால் ஓர் உருட்டலின் கணித எதிர்பார்ப்பு 3. பன்னிரண்டு வழங்குவதால் அது 3.75 ஆகிறது.

சோழியின் நிலை வேறு. கட்டையின் முகங்கள் ஒத்த வடிவினவாதலால் அவற்றைச் சமவாய்ப்புடையன எனக் கருத இடமுண்டு. சோழியின் வாய்ப்புறமும் முதுகுப்புறமும் ஒத்தவையல்ல. அது மலர்ந்து விழும் நிகழ்தகவை எறிந்தே அறிய வேண்டும். பட்டறி நிகழ்தகவின் இன்றியமையாமை இங்குதான் மாணவருக்குப் புலனாகிறது. ஆறு சோழி ஆட்டத்தின் பரவலான வழக்கில் ஒன்று மட்டும் மலர்ந்தால் தாயம். அனைத்தும் கவிழ்ந்தால் பன்னிரண்டு. மலரும் நிகழ்தகவு 0.5 எனில், ஈருறுப்புப் பரவலின்படி தாயத்தின் நிகழ்தகவு 0.094, 0.4 எனில் 0.187. பன்னிரண்டின் நிகழ்தகவோ 0.016இலிருந்து 0.047 ஆக, ஏறக்குறைய மும்மடங்காகிறது.

வகுப்பில் முதலில் ஒரே சோழியை 100 முறை எறிந்து மலரும் விகிதத்தைக் குறிக்கச் செய்யலாம். அவ்விகிதத்தைக் கொண்டு ஆறு சோழிகளுக்குரிய தாய நிகழ்தகவைக் கணித்தபின், ஆறையும் சேர்த்து எறிந்து ஒப்பிடச் செய்தல் வேண்டும். இரண்டும் பெரிதும் மாறுபடின், எறிதல்களின் எண்ணிக்கை போதுமா, சோழிகள் அனைத்தும் ஒரே தன்மையனவா, விழும்போது ஒன்றோடொன்று மோதுவதால் சார்பிலாத் தன்மை குலைகிறதா என்னும் வினாக்களை மாணவரே எழுப்பக்கூடும்.